ஜீப்பின் இடப்பக்கத்து விரிசல்

இதை எழுதிவிட வேண்டும் என்று நான் நினைக்க ஆரம்பித்துப் பல வருஷம் ஆகிறது. ஒவ்வொரு கார்த்திகையிலும் மாலை போட்டு விரதம் இருக்கும்போது, இந்த நாட்களில் கையில் பொய் வராது, இப்போதே எழுதிவிடலாம் என்று உட்காருவேன். நோட்டில் பிள்ளையார் சுழி போடுவேன். ‘என்னிடம் ஒரு ஜீப் இருந்தது’ என்று ஒரு வரி எழுதுவேன். அதற்கு மேல் ஓடாது. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றியதும் நோட்டு பரணுக்குப் போய்விடும். அப்படி ஒரே ஒரு வரியோடு மூன்று நோட்டுகள் வீட்டில் கிடக்கின்றன. நான் எட்டாவது வரை படித்தவன். எழுத வராமல் நிற்கவில்லை. எழுதினால் என் மச்சினனுக்கு நான் செய்ததையும் எழுத வேண்டும். அதனால்தான் நின்றது.

அப்போது நாங்கள் வில்லாபுரத்தில் குடியிருந்தோம். எழுபதுகளின் கடைசி. என்னிடம் இருந்தது மிலிட்டரி ஏலத்தில் கழித்துவிட்ட ஜீப். இரண்டு கை மாறி என்னிடம் வந்தது. வயல் கிணறுகளுக்குக் கரண்ட் இழுக்கும் வேலை அந்த வருஷங்களில் மும்முரமாக நடந்தது. கம்பம் நடும் காண்ட்ராக்டர் ஒருவருக்கு வாடகைக்கு ஓட்டினேன். மேற்கே செக்கானூரணியைத் தாண்டிவிட்டால் நாங்கள் போகிற இடத்துக்கு ரோடு என்று ஒன்று இருக்காது. உழுத காடு, வாய்க்கால், தண்ணீர் வற்றிப் பாளம் பாளமாகப் பிளந்த கண்மாய், இவைதான் பாதை. வண்டிக்குள் ஆறு ஆட்கள், ஒரு டிரம் தண்ணீர். பின்னால் கொக்கியில் ஒரு சின்ன டிரெய்லர். அதில் கம்பிச் சுருளும் சிமெண்டும் கடப்பாரைகளும்.

வரப்பு குறுக்கே வந்தால் மற்ற டிரைவர்கள் நேராக ஏற்றி நேராக இறக்குவார்கள். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும், சேர்ந்து விழும். உள்ளே இருப்பவன் பல் கிட்டிப்போகும். நான் அப்படிச் செய்வதில்லை. வரப்புக்குச் சாய்வாக வந்து, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி, ஒவ்வொரு சக்கரமாக இறக்குவேன். வண்டி யானை மாதிரி அசைந்து போகும். “அண்ணே வண்டியில டீ கிளாஸைக் கையில வச்சுக்கிட்டுப் போகலாம்ப்பா” என்று ஆட்கள் சொல்வார்கள். எனக்கு அதில் பெருமை. வண்டியை நோகாமல் ஓட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வண்டி எனக்குச் சோறு போட்டது. அதனால் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அதற்கு ஒரு முறை வைத்திருந்தேன். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் உடம்பு முழுக்கத் துடைப்பேன். பிறகு குளித்து வந்து, விபூதியைத் தண்ணீரில் குழைத்து முன்பக்கத்தில் மூன்று விரலால் பட்டை இழுப்பேன். சூடம் காட்டிவிட்டுத்தான் சாவியைத் தொடுவேன்.

என் மனைவிக்கு உடன்பிறந்தவன் ஒரே ஒரு தம்பி. தாய் தகப்பன் இல்லாதவர்கள். அவன் செக்கானூரணிக்கு அங்கிட்டு ஒரு ஊரில் ஒரு ஜோடி மாட்டை வைத்துக்கொண்டு விவசாயம் பார்த்தான். எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து ஒரு பெண் பிறந்தாள். பிறந்தால் குலசாமி கோயிலில் வைத்துக் காது குத்துகிறோம் என்று நேர்ந்திருந்தோம். அவளுக்கு மூன்று வயது ஆகியிருந்தது. ஆவணியில் நாள் பார்த்திருந்தோம். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். என் மகளுக்கு இருந்தது அந்த ஒரு மடிதான்.

அந்தப் பங்குனியில் அவன் வந்து கேட்டான்.

“மச்சான், வெதைக்கடலை மூட்டை ஏத்தணும். ஒரே ஒரு நாளு வண்டியக் குடுங்க. பொழுது சாய விட்டுர்றேன்.”

அவனுக்கு டிராக்டர் ஓட்டிப் பழக்கம் உண்டு. கொடுத்தேன். சொன்னபடி சாயங்காலம் கொண்டுவந்து விட்டான். மகளுக்கு ஒரு மஞ்சள் பையில் வேர்க்கடலை கொடுத்துவிட்டு, பஸ் பிடித்துப் போய்விட்டான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. துடைத்துக்கொண்டு வரும்போது இடப்பக்கத்தில் கை நின்றது. அது கதவில்லாத ஜீப். ஏறி உட்காருகிற இடத்தில் தகடு வளைந்து ஒரு மூலையாக இறங்கும். அந்த மூலையிலிருந்து கீழே நாலு விரல் நீளத்துக்கு விரிசல். ஓரத்தில் பெயிண்ட் செதிலாக நின்றது. நெளிவு இல்லை. கீறல் இல்லை. வெறும் விரிசல்.

அது முந்தின வெள்ளிக்கிழமை இருந்ததா என்று இன்றைக்கு என்னைக் கேட்டால் சத்தியமாகச் சொல்ல முடியாது. அன்றைக்குச் சொன்னேன். இல்லவே இல்லை என்று சொன்னேன்.

அன்றைக்கே அவனுடைய ஊருக்குப் போனேன்.

“மாப்ள, எதுல கொண்டு போயி மோதுன?”

“நான் எதுலயும் மோதலையே மச்சான்.”

“பள்ளத்துல விட்டியா?”

“ரோட்டு மேலயேதேன் போனேன், வந்தேன். வேணும்னா மூட்டை ஏத்துனவங்களக் கேளுங்க.”

“அப்ப அது தானாவா வெடிச்சுச்சு? இரும்புப்பா! அது என்ன வெள்ளரிப்பழமா, கனிஞ்சு தானா வெடிக்க?”

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் அவன் முகம் சுண்டிப்போனது. “பழமோ காயோ, நான் ஒடைக்கல” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். அவன் ஒப்புக்கொண்டிருந்தால் நான் அங்கேயே மறந்திருப்பேன். பொய் சொல்கிறான் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. இரும்பு சும்மா வெடிக்காது என்பதில் எனக்கு அவ்வளவு உறுதி.

அவனியாபுரத்தில் ஒரு வெல்டிங் பட்டறை இருந்தது. நடத்துகிறவர் ஒரு பாய், என்னைவிட வயதில் சின்னவர். வண்டியை அங்கே கொண்டு போனேன். அவர் குனிந்து விரிசலின் வாயை ஸ்க்ரூ டிரைவரால் லேசாக நெம்பிப் பார்த்தார். என்னமோ சொல்ல வாயெடுத்தார்.

நான் முந்திக்கொண்டேன். “மச்சினன் எங்கேயோ மோதிட்டான் பாய். பத்தவச்சுக் குடுங்க, வேலைக்குப் போகணும்.”

அவர் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பற்றவைத்துக் கொடுத்தார். அவ்வளவுதான். அந்த இடத்தில் அவர் என்ன சொல்ல வந்தார் என்று நான் கேட்கவில்லை. இதை நான் பிறகு யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன்.

சித்திரையில் ஒரு நாள் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தபோது பேச்சு மறுபடி அங்கேயே போய் முட்டியது. நான்தான் கேட்டேன். “கருப்பசாமி முன்னால சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணுவியா?”

மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். “ஏங்க, ஒரு தகரத்துக்காகவா சத்தியம் கேப்பாக? விடுங்க.”

அவன் எழுந்து நின்றான். “வாங்க மச்சான். இப்பவே போவோம்.”

கண்மாய்க்கரையில் இருக்கிற கருப்புக் கோயில் அது. பூசாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நல்லா ரோசனை பண்ணிக்கங்கப்பா. சூடத்தை அணைச்சுட்டா அப்பறம் இந்த வீட்டுத் தண்ணி அந்த வீட்டுக்கு ஆகாது. சத்தியத்த எறக்கி வைக்கிற வரைக்கும் ஒருத்தருக்கொருத்தரு கை நனைக்கக் கூடாது. தாய் புள்ளைக, மாமன் மச்சான்னு நாளைக்கு வந்து எங்கிட்ட அழுகக் கூடாது.”

எனக்கு இது தெரியாதது இல்லை. தெரிந்தே கேட்டேன். சத்தியம் என்றதும் அவன் பயந்து உண்மையைச் சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். அவன் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தான். “நான் வண்டிய எதுலயும் மோதல, எதுலயும் விடல. பொய்யின்னா சாமி என்னையக் கேக்கட்டும்.” கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே போனான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள். “ஆவணியில புள்ளைய யார் மடியில வைக்கப் போறீங்க?”

சாமி அதற்குள் காட்டிவிடும், அவன் வந்து ஒப்புக்கொள்வான் என்று சொன்னேன். அவள் அதற்குப் பிறகு தம்பியைப் பற்றி என்னிடம் பேசவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் சாப்பிடாமல் இருந்தாள். யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

ஆனி மாதம், கம்பம் நடுகிற ஆட்களில் மச்சினன் ஊர்க்காரன் ஒருவன் வண்டியில் வரும்போது சொன்னான். “அண்ணே, ஒங்க மச்சினன் மாடு ஒண்ணு முன்னங்கால் நொண்டுது. ஏர் பூட்ட முடியல. சத்தியம் பண்ணுனீங்களாமே, ஊரெல்லாம் அதேன் பேச்சு.”

அதைக் கேட்டபோது என் நெஞ்சுக்குள் ஒன்று குளிர்ந்தது. சந்தோஷம்தான் அது. வேறு பெயர் சொல்ல முடியாது. உழைக்கிற மாடு நொண்டுகிறது என்று கேட்டு, விபூதி பூசின நான் சந்தோஷப்பட்டேன். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் பழங்காநத்தத்தில் நிறுத்தி ஒரு தேங்காய் வாங்கி உடைத்தேன். மனைவியிடம் சும்மா நேர்த்தி என்று சொன்னேன்.

ஆடி முதல் வெள்ளி வந்தது. வழக்கம்போல மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன், குளித்தேன், விபூதி குழைத்தேன். முன்பக்கத்திலும், இடப்பக்கம் பற்றவைத்த இடத்திலும் பட்டை போட்டேன். அன்றைக்குக் கிண்ணத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கீழே கொட்டக் கூடாதே என்று வலப்பக்கத்து மூலையிலும் மூன்று விரலால் இழுத்துவிட்டேன்.

சூடம் காட்டிவிட்டுத் திரும்பினால், காய்ந்து வெளுத்த அந்த மூன்று பட்டைக்கும் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. நூல் மாதிரி. மேல் பட்டையில் ஆரம்பித்து, சாய்ந்து இறங்கி, கீழ்ப் பட்டையைத் தாண்டிப் போயிருந்தது. பல்லி ஓடியிருக்கும் என்று துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். ஈரம் காய்ந்ததும் மறுபடி அதே இடத்தில் அதே கோடு. மூன்றாவது தடவையும் வந்தது. சத்தம் போட்டு மனைவியைக் கூப்பிட்டேன்.

அக்கம்பக்கத்தில் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஒருவர் நாகம் என்றார். ஒருவர் திரிசூலத்தின் காம்பு என்றார். அடுத்த வீட்டு அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு, “கருப்பு கணக்கு எழுதிருச்சுடா தம்பி, சத்தியம் பண்ணுனவனுக்கு இனி இருக்கு” என்றார். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. மாட்டோடு விடவில்லை சாமி, வண்டியிலேயே எழுதிக் காட்டுகிறது என்று நினைத்தேன்.

என் மனைவி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் நின்றவள், அத்தனை பேர் முன்னால் கேட்டாள்.

“என் தம்பி மோதுனது இடப்பக்கம்னீங்க. இது வலப்பக்கம்ல? இதை யாரு மோதுனா?”

அந்தக் கேள்வி என் காதில் விழுந்தது. மண்டையில் ஏற நேரமானது. வலப்பக்கம் நான் உட்காருகிற பக்கம். பங்குனிக்கு அப்புறம் அந்த வண்டியை என்னைத் தவிர யாரும் தொடவில்லை.

பட்டையை அழிக்காமல் அப்படியே அவனியாபுரத்துக்கு ஓட்டிப் போனேன். பாய் பார்த்தார். சிரித்தார்.

“அண்ணே, இதை நாங்களும் செய்வோம். சாக்பீஸ் தூள் வச்சுச் செய்வோம். எங்க விரிசல்னு கண்ணுக்குத் தெரியலைன்னா, மண்ணெண்ணெயத் தடவித் தொடச்சுட்டு, மேல தூளைப் பூசிருவோம். விரிசலுக்குள்ள போன மண்ணெண்ணெய வெள்ளைத்தூள் உறிஞ்சி வெளிய இழுத்துக் காட்டிரும்.”

“அப்ப இது சாமி இல்லையா பாய்?”

“அது எனக்கு எப்படிண்ணே தெரியும்? மண்ணெண்ணெயின்னு தெரியும்.”

அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அந்தக் கோட்டை நெம்பினார். தகடு வாயைத் திறந்தது. “பாருங்க. புதுசா ஒடஞ்சிருந்தா உள்ள பளபளன்னு இருக்கும். இது உள்ளயே துரு. இது ஆரம்பிச்சு ஒரு வருசமாவது இருக்கும். பெயிண்டுக்கு அடியில ஓடிக்கிட்டே இருந்திருக்கு.”

பற்றவைத்த பக்கத்தைக் கையால் காட்டினேன். “இடப்பக்கம்?”

“இடப்பக்கம் இதைவிடத் துரு. அன்னிக்கே பாத்தேன்.”

“ஏன் பாய் சொல்லல?”

“நீங்க எங்கண்ணே கேட்டீங்க? மச்சினன் மோதிட்டான், பத்தவைன்னீங்க. பத்தவச்சேன். குடும்ப விசயம்.”

நான் அங்கே கிடந்த ஒரு டயரில் உட்கார்ந்துவிட்டேன். சத்தியம் கேட்பதற்கு முன்னாலேயே அந்தத் துரு அங்கே இருந்திருக்கிறது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அதைப் பார்த்த ஒருவர் எதிரிலேயே நின்றார்.

“யாருமே மோதாம எப்படி பாய் வெடிக்கும்?”

அவர் ஒரு துண்டுக் கட்டுக்கம்பியை எடுத்தார். இப்படியும் அப்படியுமாக வளைத்தார். ஏழெட்டுத் தடவையில் அது இரண்டாகப் போனது. முனையை என் விரலில் வைத்தார். சுட்டது. “வண்டியும் இப்படித்தேன். இரும்புக்கும் அலுத்துப்போகும். வரப்பு ஏறையில நீங்க எப்படி ஏத்துவீங்க?”

நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த அந்தச் சாய்வு ஏற்றத்தைச் சொன்னேன். ஒவ்வொரு சக்கரமாக. வண்டி நோகாமல்.

“அட என்னண்ணே! ஒரு சக்கரம் மேல, மூணு கீழன்னா உடம்பு முறுக்கிக்கிருமே. துணியப் பிழியிற மாதிரி. பின்னால டிரெய்லர் வேற. அந்த முறுக்கு வந்து விழுகுற எடம் இந்த மூலைதான்.”

“அப்ப நேரா ஏத்தியிருக்கணுமா?”

“நேரா ஏத்துனவன் ஸ்ப்ரிங் பிளேட்டை ஒடச்சுக்கிட்டு எங்கிட்டத்தான் வர்றான்” என்று சிரித்தார். பிறகு அந்த உடைந்த கம்பியைக் காட்டிக் கேட்டார். “இது எந்த வளைப்புல ஒடஞ்சுச்சு, சொல்லுங்க பாப்போம். கடைசி வளைப்புலயா, மொத வளைப்புலயா?”

அதற்கு அன்றைக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. அவன் ஓட்டிய அந்த ஒரு நாளில்தான் விரிசல் பெயிண்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்ததோ என்னவோ. அதற்கு முந்தின ஆயிரம் வளைப்பும் என் கையால் நடந்தவை. கடைசியாக வளைத்தவனைப் பிடித்துச் சத்தியம் கேட்டிருக்கிறேன்.

பாய் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். பின் ஸ்ப்ரிங்கைத் தாங்குகிற இடத்துக்குப் பின்னால் அடிச்சட்டத்திலும், சேசிஸில், ஒரு விரிசல். “இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தா ஆறு ஆளோட ரெண்டா உக்காந்திருக்கும்ணே” என்றார். ஒவ்வொரு விரிசலின் நுனியிலும் முதலில் ஒரு ஓட்டை போட்டார். ஓட்டை போட்டால்தான் விரிசல் மேற்கொண்டு ஓடாதாம். உடைந்த இடத்தில் மேலும் ஒரு ஓட்டையா என்று எனக்கு அதுவும் புரியவில்லை. நான் எதையும் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் அவனுடைய ஊருக்குப் பஸ்ஸில் போனேன். அவன் மாட்டின் காலுக்கு மஞ்சளும் விளக்கெண்ணெயும் காய்ச்சித் தடவிக்கொண்டிருந்தான். கை நனைக்கக் கூடாது என்பதால் வா என்றும் சொல்ல முடியாமல், போ என்றும் சொல்ல முடியாமல் மாட்டையே பார்த்தான். நான் தொழுவத்துக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். வலப்பக்கம், துரு, கம்பி, எல்லாம். துருவை பாய் அன்றைக்கே பார்த்ததையும், நான் கேட்காததையும் சொன்னேன். மாடு நொண்டியதில் நான் தேங்காய் உடைத்ததை மட்டும் சொல்லவில்லை.

அவன் கேட்டு முடித்துவிட்டு, “இப்ப இரும்பு சொன்னதும் நம்புறீங்க, மச்சான்” என்றான். “நான் சொன்னப்ப நம்பலையே.”

“தப்புதான் மாப்ள. புள்ளைக்காகவாவது வா.”

“புள்ள என்ன பண்ணும்? வாரேன். ஆனா ஒண்ணு. ஊரு முழுக்க என்னையப் பொய்ச்சத்தியக்காரன்னு பேசுது. எவனும் எனக்கு மாடு இரவல் குடுக்க மாட்டேங்குறான். காதுகுத்துக்கு எல்லாச் சனமும் வரும்ல, அங்க நடந்தத நடந்தபடி சொல்லுங்க. ஒங்க வாயால. கூட்டாம, கொறைக்காம. எனக்கு அது போதும்.”

சரி என்றேன். தலையில் அடித்துச் சரி என்றேன்.

சத்தியத்தை இறக்கி வைக்க இருவரும் கருப்புக் கோயிலுக்குப் போனோம். பூசாரிக்குத்தான் குழப்பம். பொய்ச்சத்தியம் பண்ணியவன் தப்புக்கு அபராதம் கட்டி இறக்கி வைப்பது உண்டு. வீண்பழி சுமத்தியவன் கட்டுவதும் உண்டு. “இவன் பொய் சொல்லல. நீயும் தெரிஞ்சு பொய் சொல்லல. அப்ப யாரு பேர்லப்பா எறக்குறது?” என்று தாடியைத் தடவினார்.

“வண்டி பேர்ல எறக்குங்க சாமி. அதேன் வாயத் தொறந்துச்சு” என்றான் மச்சினன். பூசாரி சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். கடைசியில் என் பேரில்தான் இறக்கினார். ஒரே செம்புத் தண்ணீரை இருவரும் குடித்தோம்.

ஆவணியில் காதுகுத்து. குலசாமி கோயில் வாசலில் பந்தல். அவன் சீர்த்தட்டோடு வந்தான். பட்டுப்பாவாடையும் தோடும் வாழைத்தாரும். மகளை மடியில் உட்கார வைத்துக்கொண்டான். ஆசாரி ஊசியை எடுப்பதற்கு முன்னால் நான் கையைக் கூப்பிக்கொண்டு எழுந்தேன். சொந்தபந்தம் மொத்தமும் எதிரில் இருந்தது. அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“நான் என் மாப்ளகிட்ட சத்தியம் கேட்டது எல்லாருக்கும் தெரியும்” என்று ஆரம்பித்தேன். சரியாகத்தான் ஆரம்பித்தேன். “ஆடி வெள்ளியில வண்டிக்கு விபூதி வச்சேன். அதுல ஒரு கோடு வந்துச்சு. அழிச்சா மறுபடி வந்துச்சு. மூணு தடவ வந்துச்சு…”

அந்த இடத்தில் ஒரு கிழவி, “கருப்பா!” என்று கத்தினார். பெண்கள் குலவை போட்டார்கள். எத்தனையோ கைகள் தலைக்கு மேலே கூப்பின. என் உடம்பு புல்லரித்தது. அடுத்து மண்ணெண்ணெய் என்று சொல்ல வேண்டும். பாய் சொன்னதைச் சொல்ல வேண்டும். துரு முன்னாலேயே இருந்ததைச் சொல்ல வேண்டும். என் வாய் சொன்னது வேறு. “மாப்ள மேல தப்பில்லன்னு சாமியே கோடு போட்டுக் காட்டிருச்சு” என்றேன்.

பொய் என்று அதைச் சொல்லலாமா? அன்றைக்கு அந்த வரியைச் சொல்லும்போது நான் முழுசாக நம்பினேன். ஆனால் அவன் கேட்டது அது இல்லை என்பதும் சொல்லும்போதே தெரிந்தது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் ஒரு மனுஷனுக்குள் இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆசாரி குத்தினார். மகள் வீறிட்டாள். அவன் அவள் கண்ணைத் துடைத்து வாயில் சர்க்கரை வைத்தான். பந்தியில் சாப்பிட்டான். கிளம்பும்போது தண்ணீர்ச் செம்பைத் தன் அக்கா கையிலிருந்து வாங்கிக் குடித்துவிட்டு என்னிடம் வந்தான்.

“சாமியச் சொன்னீங்க, மச்சான். நடந்ததச் சொல்லல.”

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு நல்லது கெட்டதுக்கு வருகிறான். மச்சான் என்றுதான் கூப்பிடுகிறான். ஆனால் இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒரு கயிறுகூட இரவல் கேட்டதில்லை. ஊரிலும் அவன் பேர் முழுசாகத் துலங்கவில்லை. சாமி காப்பாற்றியது என்றார்களே தவிர, நான் பழி போட்டேன் என்று யாரும் பேசவில்லை. சிலர், இடப்பக்கம் அவன் மோதியது உண்மைதான், வலப்பக்கம் சத்தியம் கேட்டதற்குச் சாமி போட்ட தண்டனை என்றுகூடச் சொன்னார்கள். கொஞ்ச நாள் ஆட்கள் வந்து ஜீப்பைத் தொட்டுக் கும்பிட்டார்கள். நான் தடுக்கவில்லை. எண்பதுகளில் வேறு வேறு இடங்களில் விரிசல் விட்டு, ஓட்டைமேல் ஓட்டை போட்டு, கடைசியில் அதைப் பழைய இரும்புக்குப் போட்டேன்.

போன மாதம் என் மகள் தன் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டு கதை சொல்வதைக் கேட்டேன். “தாத்தா வண்டியில சாமி விரலால கோடு போட்டுச்சாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதில் மாமன் என்று ஒருவனே இல்லை. அன்றைக்குத்தான் நோட்டை எடுத்தேன். இந்தத் தடவை கார்த்திகைக்குக் காத்திருக்கவில்லை.

சாமி காட்டியதா, மண்ணெண்ணெய் காட்டியதா என்று என்னைக் கேட்காதீர்கள். ஆறு உயிர் பிழைத்தது. அதற்கு நான் தினமும் கும்பிடுகிறேன். ஆனால் விபூதி மிச்சம் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும், பாயிடம் அன்றே கேட்டிருந்தால் சாமி எதைக் காட்டியிருக்கும், எதுவும் எனக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டது ஒன்றுதான். என் மச்சினன் வண்டியை மோதவில்லை. மோதவில்லை என்று முதல் நாளே சொன்னான்.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சொல்லும்போது மண்ணெண்ணெயை எடுத்துவிட வேண்டாம், விபூதியையும் எடுத்துவிட வேண்டாம். நான் கேட்காமல் விட்டதையும், தேங்காய் உடைத்ததையும் மரியாதைக்காக மறைக்க வேண்டாம். செக்கானூரணிப் பக்கம் யாராவது போனால், அங்கே சத்தமாகவே சொல்லுங்கள். நான் சொல்ல வேண்டிய ஊர் அது.